சென்னையிலிருந்து மிஷனரியாகப் போகிறீர்களா? அழைப்பு முதல் ஊர் திரும்புவது வரை

கன்வென்ஷனின் கடைசி இரவில் "தூர தேசத்துக்குப் போக யார் ஆயத்தம்?" என்று கேட்டால் எழுந்து நிற்க நம் சபைகளில் வாலிபர்களுக்குக் குறைவில்லை. எழுந்து நின்றவர் திங்கட்கிழமை காலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரத்தான் ஆள் இல்லை. இது அந்தத் திங்கட்கிழமைக்காக எழுதியது. நானும் என் கணவரும் நேபாளத்தில் ஊழியம் செய்துவிட்டு இப்போது பெரம்பூரில் இருக்கிறோம், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். கம்போடியாவுக்கோ கென்யாவுக்கோ போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணித்தளத்தில் நான் பார்த்த முறிவுகள் அனேகமாக எல்லாமே ஒரு சின்ன உண்மையை மறைத்த இடத்தில் ஆரம்பித்தவை. விண்ணப்பத்தில் எழுதிய காரணம், கணக்கில் விட்டுப்போன தொகை, ஜெபக் கடிதத்தில் கூட்டிச் சொன்ன எண்ணிக்கை, "நல்லா இருக்கோம்மா" என்று வீட்டுக்குப் போட்ட போன். கீழே வரும் படிகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: அழைப்பைச் சபைக்கு முன் வையுங்கள்

அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் பேசியது அந்தியோகியா சபையிடம். பர்னபாவும் பவுலும் தாங்களாகப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. சபை உபவாசித்தது, கை வைத்தது, அனுப்பியது. உங்கள் தரிசனத்தை முதலில் ஆயரிடமும், அடுத்து பெற்றோரிடமும், கல்யாணம் ஆனவரென்றால் இவர்களுக்கெல்லாம் முன்பே துணையிடமும் சொல்லுங்கள். கணவருக்கு அழைப்பு, மனைவிக்கு வெறும் கீழ்ப்படிதல் என்று கிளம்பிய குடும்பங்கள் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

பிறகு குறைந்தது ஒரு வருஷம் இங்கேயே ஊழியம் செய்யுங்கள். உங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் இரவுக்காவல் இருக்கிற நேபாள அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாதவர், காத்மாண்டு போய் யாரை நேசிக்கப் போகிறார்? ஹோட்டல் சமையற்கட்டு, மோமோ கடை என்று நேபாளிகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு டீ குடியுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணை போங்கள், ஆதார் அட்டைக்கும் பள்ளி அட்மிஷனுக்கும் அலையுங்கள். இதில் சலிப்பு வந்தால் அது இப்போதே தெரிவது நல்லது.

"வெளிநாட்டுக்கு மிஷனரி அனுப்புகிற அளவுக்கு நாம் யார்?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களிடம் அசரியாவைப் பற்றிச் சொல்லுங்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை வெளியே அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை. அன்றைய திருநெல்வேலி சபைகள் இன்றைய சென்னைச் சபைகளைவிடப் பணக்காரச் சபைகள் அல்ல.

சபை நேரடியாக அனுப்புவதா, ஒரு மிஷனரி நிறுவனம் மூலம் போவதா என்பது அடுத்த கேள்வி. நான் நிறுவனத்தின் பக்கம். ஆனால் சேருவதற்கு முன் கேளுங்கள்: எனக்கு உடம்பு முடியாமல் போனால் யார் ஊருக்குக் கூட்டி வருவார்கள்? கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்? தலைவரோடு ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் பேசுவது? மூன்றாவது கேள்விக்கு "ஜெபம் பண்ணுங்க தம்பி" மட்டுமே பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டாம் படி: அந்த நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள்

நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டாம், விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். இதனாலேயே பலர் அதை வீட்டுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி நினைத்துவிடுகிறார்கள். 2015ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரென்றால் நாடு கடத்தலும் சேரும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பயப்படுவார்கள், சிலருக்கு வீராவேசம் வரும். வீராவேசம்தான் ஆபத்து. நீங்கள் பிடிபட்டால் கடைசியில் விமானம் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள், மீனம்பாக்கத்தில் மாலையோடு வரவேற்பும் கிடைக்கலாம். உங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த உள்ளூர் விசுவாசி அங்கேயே இருப்பார்.

எந்த வேலைக்கென்று சொல்லி உள்ளே போகிறீர்களோ, அந்த வேலையை உண்மையாகச் செய்யுங்கள். நர்ஸ் என்றால் நர்ஸ், ஆசிரியர் என்றால் ஆசிரியர். 1954இல் தொடங்கிய நேபாள ஐக்கிய மிஷன், அரசோடு ஒப்பந்தம் போட்டு மருத்துவமனையும் பள்ளியும் நீர்மின் திட்டமும் என்று வேலை செய்தது. சபையைக் கட்டியவர்கள் நேபாளிகளே. அதிலும் பெரும்பங்கு டார்ஜிலிங்கிலிருந்தும் எல்லை ஊர்களிலிருந்தும் திரும்பி வந்த நேபாளிகளுடையது. நேபாளி வேதாகமம் முழுவதையும் டார்ஜிலிங்கில் இருந்த கங்கா பிரசாத் பிரதான் 1914இல் முடித்துவிட்டார், நாட்டின் கதவு 1951க்குப் பிறகுதான் திறந்தது. நமக்கு முன்னே கர்த்தர் அங்கே போய்விட்டார் என்று பாட்டுப் பாடுவோமே, அதற்கு ஆதாரம் இந்த வரலாறு. நீங்கள் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தால் தோளிலிருந்து பெரிய சுமை இறங்கும்.

மூன்றாம் படி: பேப்பர் வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னைப் பாஸ்போர்ட் சேவா மையங்களில் எங்கே முதலில் தேதி கிடைக்கிறதோ அங்கே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழுக்கும் அதே தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் போகிற நாட்டைப் பொறுத்து அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) அல்லது தூதரக முத்திரை தேவைப்படும், இதற்கு நாள் எடுக்கும். ஆப்பிரிக்கா என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், மஞ்சள் அட்டையைத் தொலைக்காமல் இருந்தால் சரி. இங்கே எடுத்த மெடிக்ளெயிம் பெரும்பாலும் வெளிநாட்டில் உதவாது, தனியாக எடுங்கள். வீடு, வங்கி, ஈ.பி. இவற்றைப் பார்க்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். உயிலும் எழுதுங்கள். அம்மா அழுவார்கள், ஆனாலும் எழுதுங்கள்.

நான்காம் படி: பணம்

வேப்பேரிக்காரர்களுக்கு ஃபப்ரீசியஸ் பெயர் தெரிந்திருக்கும். 1740இல் ஜெர்மனியிலிருந்து வந்து, சென்னையில் பல பத்தாண்டுகள் உழைத்து, தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்து, அகராதி தொகுத்து, இன்றும் லுத்தரன் சபைகளில் பாடும் ஞானப்பாட்டுகளைத் தந்தவர். அப்பேர்ப்பட்டவர் முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்தார், வாங்கியவர்கள் திருப்பவில்லை. அவர் ஒரு பைசா திருடவில்லை. கணக்குக் கேட்க ஆள் இல்லாமல் பணத்தைக் கையாண்டார், அவ்வளவுதான். இந்தக் கதையை ஒவ்வொரு மிஷனரிக்கும் புறப்படும் முன் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே வீட்டுச் செலவு, ஊழியச் செலவு, அவசர நிதி மூன்றையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வையுங்கள். அவசர நிதியில் குடும்பம் முழுவதும் ஊர் திரும்ப டிக்கெட் பணம் எப்போதும் இருக்கட்டும். ஊழியப் பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வராமல் சபை அல்லது சங்கத்தின் வழியாகவே வரட்டும். பொது அறக்கட்டளைகள் இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு, அரசின் தனி அனுமதி இல்லாவிட்டால், வருமான வரி விலக்கு கிடைக்காது. சபைப் பொருளாளருக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்காது, ஆடிட்டரிடம் முதலிலேயே உட்காருங்கள். நேபாளத்துக்குச் சிறு தொகை அனுப்ப ரிசர்வ் வங்கியின் இந்தோ-நேபாளப் பணப்பரிமாற்ற வசதி இருக்கிறது, உங்கள் வங்கிக் கிளையிலேயே கேளுங்கள். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. இந்தக் கணக்கைப் பார்த்துச் செலவு குறையும் என்று பட்ஜெட் போடாதீர்கள், காத்மாண்டுவில் வாடகையும் கேஸும் அதைச் சாப்பிட்டுவிடும்.

தேவைகளை ஜெபத்தில் மட்டும் சொல்வதா, மனிதரிடமும் சொல்வதா என்று நம்மிடையே பழைய வாக்குவாதம் ஒன்று உண்டு. பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைப் படித்தால், அவர் தேவையை மறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, வந்ததற்கு ரசீது போல நன்றி எழுதியிருக்கிறார். அந்த நடு வழி எனக்குப் பிடிக்கும். வாடகை கட்ட முடியவில்லை என்றால் "ஒரு தேவைக்காக ஜெபியுங்கள்" என்று மூடி எழுத வேண்டாம், வாடகை என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மொழி

முதல் வருஷம் முழுக்க மொழிக்கு. பிரசங்கம், கூட்டம், திட்டம் எதுவும் வேண்டாம். அனுப்பிய சபைக்கு இது புரியாது. "மாதா மாதம் பணம் அனுப்புகிறோம், பாஷை படிக்கிறாராம்" என்று முணுமுணுப்பு வரும். அவர்களுக்குத் தரங்கம்பாடியை நினைவூட்டுங்கள். 1706 ஜூலையில் கரை இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் ஆசிரியர் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பதே ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. அன்று மணலைக் கொடுத்தவர்கள் நாம், இன்று இன்னொருவர் வீட்டுத் தரையில் உட்காருகிற முறை நமக்கு.

நேபாளம் போகிற சென்னைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தி தெரிந்தால் அதை வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும். கடைக்காரருக்குப் புரியவும் புரியும். ஆனால் 2015 செப்டம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் எல்லையில் லாரிகள் நின்றுபோய், பூகம்பத்தில் வீடு இழந்தவர்கள் கேஸும் மருந்தும் இல்லாமல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். லாரிகளை நிறுத்தியது இந்தியாதான் என்று அவர்கள் நம்புகிறார்கள், அந்தக் கசப்பு இந்தியா பேரில் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு இந்தி தாய்மொழியா, திணிக்கப்பட்டதா என்ற நம் ஊர் அரசியல் அவர்களுக்குத் தெரியாது. இந்தியில் பேசும் இந்தியர் பெரிய நாட்டுக்காரர், அவ்வளவுதான். தட்டுத் தடுமாறியாவது நேபாளி பேசுங்கள். காய்கறிக்காரம்மாவிடம் தினமும் ஒரே நேரத்துக்குப் போய் ஒரு புது வாக்கியம் பேசுவது வகுப்பைவிடப் பலன் தரும். பிள்ளைகள் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்துவார்கள், அவர்களே நல்ல வாத்தியார்.

ஆறாம் படி: முதல் குளிர்காலம்

மார்கழிக்கே மப்ளர் கட்டுகிறவர்கள் நாம். காத்மாண்டு வீடுகளில் ஹீட்டர் கிடையாது, ஜனவரி இரவில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்கும். நல்ல கம்பளிகளை அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து குக்கர், புளி, சாம்பார் பொடி போதும். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சென்னை அனுபவம் அங்கே கைகொடுக்கும், அந்த ஒரு விஷயத்தில் நாம் பட்டதாரிகள். மாட்டுக்கறி சாப்பிட்டுப் பழகியவர்கள் கவனியுங்கள், பசுவைக் கொல்வது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எருமைக்கறி எங்கும் கிடைக்கும்.

ஆராதனை சனிக்கிழமை, ஏனென்றால் வார விடுமுறை அன்றுதான். வாசலில் செருப்பு மலை, உள்ளே ஜமுக்காளம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மாதல் மேளத்தோடு பாட்டு. நம் கிராமத்துச் சபை மாதிரியே இருக்கும். எங்கள் சபையில் என் பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டி உட்காருவார். கையில் கடுகெண்ணெய் வாசம், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். சாட்சி நேரத்தில் எழுந்தால் லேசில் உட்கார மாட்டார். ஞானஸ்நானம் எடுத்தபோது ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்பதை, விலைவாசி சொல்வது போல் சொல்வார். பாட்டு முடியும்வரை தன் சால்வையில் பாதியை என் முழங்கால்மேல் போட்டு வைத்திருப்பார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பஹினி (தங்கச்சி), சாப்பிட்டாயா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி. நான் போதிக்கப் போன ஊரில் என்னை நடத்தியவர் அவர்.

2015 ஏப்ரல் 25 பூகம்பம் வந்ததும் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்புதான். ஆராதனையில் இருந்தபடியே இறந்த விசுவாசிகள் உண்டு. "கர்த்தர் ஏன்?" என்று உங்களிடம் கேட்பார்கள் என்று பதிலைத் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். கேட்கவே மாட்டார்கள். அவர்கள் பாடுவார்கள். உங்களுக்குத்தான் அந்தக் கேள்வி ராத்திரி வரும்.

ஜெபம் வறண்டுபோகும் நாட்கள் நிச்சயம் வரும். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடை கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். தூக்கம், சூடான சாப்பாடு, வெயில் இவற்றைப் பார்த்த பிறகும் இருட்டு விலகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர் தன் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். வார்த்தை வராத நாட்களில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், அது இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஏழாம் படி: உள்ளூர்ப் பண்டிகையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

தசைன் பண்டிகையில் வீட்டுப் பெரியவர்கள் நெற்றியில் அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் கலந்த டீக்கா வைத்து ஆசீர்வதிப்பார்கள். கிறிஸ்தவ மருமகள் அதை ஏற்கலாமா? ஏற்காவிட்டால் மாமியாரை அவமதித்ததாகும், ஏற்றால் சபையில் பேச்சு வரும். பொட்டு, பொங்கல், கார்த்திகை விளக்கு என்று நாமே நூற்றாண்டுக் கணக்கில் வாதாடி இன்னும் முடிக்கவில்லை. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அங்கே நீதிபதி ஆகிவிடாதீர்கள். உள்ளூர் மூப்பர்கள் வேதத்தைத் திறந்து வைத்துப் பேசட்டும், கேட்டால் மட்டும் நம் சபைகளில் நடந்ததைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சபை ஒழுங்கை மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்குவது நம்மவர் அடிக்கடி செய்வது. சாதி உட்பட.

சக ஊழியரோடு சண்டை வரும். பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுப் பிரிந்தார்கள், பின்னாளில் அதே மாற்கு தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதினார். நடுவில் பல வருஷங்கள். அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் கடிதம் போடாதீர்கள்.

எட்டாம் படி: ஜெபக் கடிதமும் போட்டோவும்

மாதம் ஒரு கடிதம், ஒரு பக்கம். நடந்தது, நடக்காதது, தேவை. எண்ணிக்கை கேட்பார்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம். எண்ணிக்கையைப் பார்த்து நின்றுபோகும் காணிக்கை நின்றுபோகட்டும்.

போட்டோ விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள். ஞானஸ்நானப் படம் சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால், அன்று மாலையே அது ஐந்து குழுக்களுக்குப் போகும், அடுத்த மாதம் கன்வென்ஷன் ஃபிளெக்ஸில் எட்டடி உயரத்தில் நிற்கும். படத்தில் இருக்கிறவர் ஒரு கிராமத்தில் வாழ்கிறவர், அவர் சித்தப்பாவிடமும் போன் இருக்கிறது. ஆள் தெரிகிற படம், ஊர் பெயர், சபைப் பெயர் எதுவும் கடிதத்தில் வேண்டாம். முதுகு, கை, மலை, சமையற்கட்டு போதும். ஏழ்மையைக் காட்டும் படமும் வேண்டாம். உங்கள் பிள்ளை மூக்கு ஒழுக நிற்கிற படத்தைக் காணிக்கைக்காக யாராவது ஒட்டினால் ஒப்புக்கொள்வீர்களா?

ஒன்பதாம் படி: அப்பா அம்மா

தமிழ் வீடுகளில் இதுதான் கடினமான படி, பயிற்சி வகுப்பில் யாரும் தொடுவதில்லை. அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி என்றால் யார் போவார்கள், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இறந்துபோனால் உங்களுக்காக அடக்கத்தை நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்று கிளம்புமுன் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். மூத்த மகன் இல்லாமல் எப்படி எடுப்பது என்று ஊர் பேசும். "நீ வருகிறவரை வைக்க வேண்டாம்" என்று அப்பாவே சொல்லிவைத்தால், வர முடியாத மகனுக்கு அது பெரிய விடுதலை. இந்தப் பேச்சை எடுக்கிற பிள்ளையைவிட பெற்றோர் தெளிவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒரு ஆள், மாத்திரை வாங்கித் தர ஒரு ஆள் என்று சபை வாலிபர்களை நியமியுங்கள். மிஷனரியைத் தாங்குவது என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

பத்தாம் படி: ஊர் திரும்புவது

திரும்பும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பே பொறுப்புகளை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நடத்தும்போது பின்வரிசையில் உட்காருங்கள். உங்களைவிட வேறு விதமாகத்தான் நடத்துவார். வாடகை முன்பணம், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

சென்னை வந்த முதல் மாதம் மேடை வேண்டாம். முழு உடல் பரிசோதனை, ஆடிட்டர், தூக்கம், மெரினா. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது, வகுப்பில் "நேபாளி" என்று கூப்பிடுவார்கள், பள்ளி ஆசிரியரிடம் முன்னதாகவே பேசிவையுங்கள். பிறகு சபைக்கு அறிக்கை கொடுங்கள், அந்தியோகியாவுக்குத் திரும்பிய பவுலும் பர்னபாவும் சபையைக் கூட்டி எல்லாவற்றையும் அறிவித்தார்கள். கமிட்டிக்கு எழுத்தில் கணக்கு, வாலிபர் கூட்டத்துக்குக் கேள்வி பதில், ஞாயிறு ஆராதனையில் பத்து நிமிஷம். அதற்கு மேல் கேட்கிறவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

அங்கிருந்து போன் வரும். "தீதி (அக்கா), இந்த விஷயத்தில் என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். அங்கே மணி நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும், ராத்திரி பத்தரைக்கு மேல் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். அவர்களே கூப்பிட்டால் எடுங்கள், கேளுங்கள், "மூப்பர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். முடிவை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்.